பூனைக்காலி மூடிய நிலம்

கமினியேலியைப் பற்றி எழுத இந்தத் தீவில் என்னைவிடத் தகுதியானவன் எவனும் இல்லை. அவன் கல்யாணத்துக்குப் பாய் ஏற்றியது என் லாரி. அவன் சேம்பைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது என் லாரி. கடைசியில் அவனையே மலையிலிருந்து இறக்கிவந்ததும் என் லாரிதான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லம்பாசாவில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன், ஒரு கத்தியும் மாற்றுச் சட்டையுமாகக் கப்பலேறி இந்தத் தவேயுனித் தீவுக்கு வந்தேன். எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட அண்ணன் தம்பி கிடையாது, மாமன் மச்சான் கிடையாது. இன்றைக்கு மூன்று லாரி ஓடுகிறது. தலைநகர் சுவாவிலிருந்து வருகிற பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட, "சாமி, இந்தப் பாதையில வண்டி ஏறுமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையாகவே இருந்தாலும் உழைத்துச் சம்பாதித்த பெருமை. போகட்டும். இது என் கதை இல்லை.

கமினியேலி மோவாலாத் தீவுக்காரன். தேவாலயப் பாட்டுப் போட்டிக்குத் தன் ஊர் ஆட்களோடு இங்கே வத்துலோவா கிராமத்துக்கு வந்தான். பாட்டில் தோற்றார்கள். மற்றவர்கள் கப்பலேறினார்கள், இவன் ஏறவில்லை. வசீதி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டான். பெண்ணைக் கட்டித் தன் ஊருக்குக் கூட்டிப்போவதுதான் இங்கே வழக்கம். இவனோ பெண் ஊரிலேயே தங்கினான். அப்படித் தங்குகிற மாப்பிள்ளை எத்தனை வருஷமானாலும் விருந்தாளிதான். சபை கூடினால் வாசல் பக்கம் உட்கார வேண்டும். யங்கோனா வேரைக் கரைத்துச் சிரட்டையில் கொடுக்கும்போது கடைசியாகத்தான் அவனுக்கு வரும். கமினியேலி வாசல் பக்கம் உட்கார்ந்தே சிரித்துக்கொண்டிருப்பான். அவன் சிரித்தால் பலகைச் சுவர் அதிரும்.

நான் அவனுக்கு மச்சான். அவன் வைத்த முறைதான். "சாமி, நீயும் வந்தேறி, நானும் வந்தேறி. இனிமே நீ எனக்கு மச்சான். உன்னைத் திட்டுறதுக்கு எனக்கு ஒரு முறை வேணுமில்ல?" என்றான்.

அப்போது குலத்தலைவராக இருந்தவர் அபிசாய். வசீதிக்குப் பெரியப்பா முறை. இங்கே எதைக் கேட்டாலும் முறைப்படி வைக்கிற திமிங்கலப் பல்லும் யங்கோனாக் கட்டும் கமினியேலி கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து நிலம் கேட்டான். கிழவர் பல்லைக் கையில் வாங்கிக்கொண்டு, "கறுப்புப் பாறையிலேர்ந்து ஓடை வரைக்கும் நட்டுத் தின்னு. நீ நட்டுக்கிட்டிருக்கிற வரைக்கும் அது உன்னுது" என்றார். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. இங்கே பாதி நிலம் இப்படித்தான் கைமாறுகிறது. ஆள் நடுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள், அவனுடைய நிலம் என்று ஒதுங்கிப் போகிறார்கள்.

அந்தச் சரிவில் அவன் போட்ட சேம்பு, குழந்தை தலை அளவுக்குக் கிழங்கு வைத்தது. நியூசிலாந்துக்குப் போகிற சிவப்புத்தண்டுச் சேம்பு. கிழங்கைப் பிடுங்கிய கையோடு கன்றை அதே குழியில் வைப்பார்கள். மண்ணுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஊர் முழுக்க அப்படித்தான் செய்தது. வருஷங்கள் போகப் போகக் கிழங்கு சிறுத்து ஒரு கைப்பிடிக்கு வந்தது. துறைமுகத்துக் கொட்டகையில் பொறுக்கி எடுக்கிறவர்கள் அவன் மூட்டையைக் கவிழ்த்தால் பாதிக்குமேல் பன்றிக்குத்தான் ஆகும்.

ஊர்க்காரர்களுக்கு அதில் பெரிய கவலை இல்லை. கீழே மண் செத்தால் மேலே போவார்கள். மலையில் காடு இருக்கிறது, குலத்துக் காடு. மரத்தை வெட்டிச் சாய்த்தால் புது மண். கமினியேலி குலத்துக்காரன் இல்லையே, அவன் எங்கே போவான்? அவனுக்கு அந்த ஒரு சரிவுதான். அது போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு மச்சினன்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் மண்வளத் திட்டம் வந்தது. அலுவலகத்திலிருந்து மெரியோனி என்ற இளம் அதிகாரி வந்து ஊர்க் கொட்டகையில் கூட்டம் போட்டாள். நல்ல பெண். தரையில் எல்லோரோடும் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பூனைக்காலி விதையை ஒரு துணிப்பையிலிருந்து கொட்டிக் காட்டினாள். நம் பக்கத்தில் தொட்டால் அரிக்குமே, அந்த ஜாதி அவரைதான்; இது அரிக்காத வகை. சேம்பை நிறுத்திவிட்டு இந்தக் கொடியைப் படரவிட வேண்டும். அரை வருஷம் நிலத்தை மூடிக் கிடக்கும். பிறகு அப்படியே மடக்கி மட்கவிட்டால் மண்ணுக்கு உயிர் வரும். விதை இலவசம், சுண்ணாம்பு இலவசம், கொடி மட்கியதும் நோயில்லாத சேம்புக் கன்றும் அரசாங்கமே தரும் என்றாள்.

கூட்டத்தில் ஒருவன், "அவரை போட்டா சேம்பு வருமா? அப்ப கோழிய அடைச்சு வெச்சா பன்னி வருமா, தங்கச்சி?" என்று கேட்டான். கொட்டகை சிரித்தது.

"கோழி எச்சம் போட்டாலும் சேம்பு நல்லா வரும்ணே. உங்க வீட்டுக் கோழியைக் கொண்டாங்க, அதையும் திட்டத்துல சேத்துக்கிறேன்" என்றாள் அவள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் ஒருவனும் கை தூக்கவில்லை. அரை வருஷம் நிலத்தைச் சும்மா போட யாருக்கு மனசு வரும்? அவர்களுக்குக் காடு இருந்தது.

வாசல் பக்கத்திலிருந்து கமினியேலி கையைத் தூக்கினான். அபிசாய் கிழவர் தலையசைத்தார். அவ்வளவுதான், முடிந்தது.

மறுநாள் மூட்டை ஏற்றப் போனபோது நான் அவனிடம் சொன்னேன். இதைப் பத்து பேரிடம் கேட்டுக்கொள்ளலாம், நான் சொன்னேன்.

"மச்சான், அவரை போடு, வேணாங்கல. ஆனா ரோட்டோரமா ஒரு வரிசை சேம்பு நட்டு வை."

"எதுக்கு? அந்த மண்ணுல அது எலிக்குட்டி மாதிரிதான் கெழங்கு வெக்கும்."

"திங்கிறதுக்கில்லடா. பாக்குறவன் கண்ணுக்கு. கொடி மூடிக் கெடந்தா காடுன்னு நெனைப்பான். நட்டவன் ஓடிட்டான்னு நெனைப்பான்."

"நீ லாரி ஓட்டுறவனா, வக்கீலா?" என்று சிரித்தான். ஆனாலும் நட்டான். பாதையோரம் முழுக்க ஒரு வரிசை. இதைத்தான் நான் அறிவு என்பேன், பள்ளிக்கூடத்தில் கிடைக்காது.

பூனைக்காலி சரிவை மூடியது. பாறையில் ஏறியது, வேலிக்கம்பில் சுற்றியது. தலை உயரக் களையெல்லாம் அதன் கீழே வெளுத்துச் செத்தது. கமினியேலி சாயங்காலங்களில் கொடிக்குள் கையை விட்டு மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பான். "மச்சான், புழு வந்திருக்கு பாரு!" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவான்.

மெரியோனி அளவெடுக்க வந்தாள். என் லாரியில்தான் வந்தாள். பாதையோர வரிசையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அண்ணா, இது என்ன? நிலம் முழுக்கக் கொடியாத்தான் இருக்கணும். நடுவுல சேம்பு நின்னா இந்த நிலம் கணக்குல வராது. கன்னு தர மாட்டாங்க."

"இது சும்மா ஓரத்துல, தங்கச்சி."

"எனக்குப் புரியுது. எனக்கு மேல இருக்கிறவங்களுக்குப் புரியாதே. சேம்புல இருக்கிற பூச்சி அப்படியே புதுக் கன்னுக்குத் தாவிடும்னு எழுதி வெச்சிருக்காங்க. விதி அதான்."

நான் குறுக்கே விழுந்தேன். "ஏம்மா, இந்த வரிசைதான் இவனுக்கு வேலி. இது போச்சுன்னா ஊர்க்காரன் நிலம் சும்மா கெடக்குதும்பான்."

"மாமா, அபிசாய் தாத்தாவே கூட்டத்துல சரின்னாரே. அவருக்குத் தெரியாதா?"

உண்மையில் அபிசாய் இருக்கிறவரைக்கும் பயம் கிடையாதுதான். கமினியேலி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து வரிசையின் முதல் செடியைப் பிடுங்கினான். ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனான். அவள் நிலத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்திலேயே கிழவர் போய்ச் சேர்ந்தார்.

தலைவர் செத்தால் நூறு இரவு துக்கம். அதுவரை நிலம் நீச்சு என்று எவனும் வாயைத் திறக்கக் கூடாது. அதிலும் விருந்தாளி திறக்கவே கூடாது. கிழவருடைய தம்பி எமோரி தலைவரானார். முறைப்படி கமினியேலி அவரிடம் மறுபடியும் பல் கொண்டுபோய், "அண்ணன் கொடுத்ததை நீங்களும் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். துக்கம் முடியட்டும் என்று காத்திருந்தான். மரியாதை தெரிந்தவன். சேம்பு நின்றிருந்தால் அந்தக் காத்திருப்பால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. பயிர் நிற்கிற நிலத்தில் எந்தத் தலைவரும் கை வைக்க மாட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களில் எமோரியின் மகன் ரோப்பாதேயும் ஒருவன். சுவாவில் ஏதோ ஹோட்டலில் வேலை பார்த்தவன், வேலை போய்விட்டது, திரும்பிப் போகவில்லை. அப்பா வீட்டுத் தரையில் படுத்துக் கிடந்தான். நூறாம் இரவு விருந்து முடிந்ததும் எமோரி மகனுக்கு நிலம் தேடினார். ஊரைச் சுற்றிப் பார்த்தார். எல்லா நிலத்திலும் நோஞ்சான் சேம்பாவது நின்றது. கறுப்புப் பாறைச் சரிவில் மட்டும் ஒரே கொடிக்காடு. சேம்பு ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு யங்கோனாச் சட்டியைச் சுற்றி நானும் உட்கார்ந்திருந்தேன். ரோப்பாதே கமினியேலிக்கு மச்சான் முறை. மச்சான்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் கேலிதான் பேச வேண்டும். கோபப்பட்டால் அது அசிங்கம், குலத்துக்கே அவமானம்.

ரோப்பாதே ஆரம்பித்தான். "மச்சான், மோவாலாவுல சேம்பே கெடையாதாமே? கொடியத்தான் மாடு மாதிரி மேய்வீங்களாமே?"

"ஆமா மச்சான். மேய்ஞ்ச பலத்துலதான் உங்க அக்காவைத் தூக்கிட்டு வந்தேன்."

எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"தூக்கிட்டுப் போகலியே, இங்கயே உக்காந்துட்டியே! சரி, உன் மேய்ச்சல் காட்டுல கொசு பெருத்துப்போச்சு. அப்பா என்னைச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டாரு. நானே நட்டுக்கிறேன், நீ ஓய்வெடு."

கமினியேலியின் சிரிப்பு பாதியில் நின்றது. எமோரியைப் பார்த்தான். எமோரி சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அது அரசாங்கத்து அவரை. மண்ணுக்குப் போட்டது. அடுத்த மாசம் மடக்கிட்டு நான் சேம்பு வைக்கிறேன்."

"அரசாங்கம் போட்ட அவரைன்னா அரசாங்கம் வந்து திங்கட்டும். சேம்பு எங்க? ஒண்ணு காட்டு!"

மறுபடியும் சிரிப்பு. கமினியேலியும் சிரித்தான். சிரித்துத்தான் ஆக வேண்டும். அவன் முறைக்குச் சிரட்டை வந்தது, வாங்கிக் குடித்தான், முறைப்படி கை தட்டினான், எழுந்து போனான். வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் யாரையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ரோப்பாதே முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினான். களைக்கொல்லி. மடக்கி மட்கவிட வேண்டிய கொடி சில நாளில் வைக்கோல் நிறமாகிப் படுத்துவிட்டது. நான் லாரியில் போகும்போதெல்லாம் அந்த நாற்றம் மூக்கைக் குத்தும்.

வசீதி என் வீட்டுக்கு வந்தாள். என் வாசலில் அவள் தனியாக வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"சாமி அண்ணே, நீங்க போய் ரோப்பாதேகிட்ட பேசணும். என்னால முடியாது. அவன் எனக்குத் தம்பி முறை."

உடன்பிறந்த முறையில் ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது இவர்கள் வழக்கம். ஒரே திண்பண்டத்தைக்கூடப் பகிர மாட்டார்கள். புருஷனோ மச்சான் முறையால் வாய் கட்டப்பட்டவன். இவளோ அக்கா முறையால். மிச்சம் நான்.

போனேன். என் வாய்க்கு எதிரே நின்றவன் இந்தத் தீவில் குறைவு. லாரி டயர் விற்பவன் முதல் துறைமுகத்துக் கங்காணி வரை பணிந்திருக்கிறார்கள். எமோரியிடம் யங்கோனா வைத்து முறையாகத்தான் பேசினேன்.

எமோரி கோபப்படவில்லை. அதுதான் மோசம். "சாமி, எனக்கு மாப்பிள்ளை மேல பாசம் இல்லையா? நிலம் சும்மா கெடந்துது. பையனும் சும்மா கெடந்தான். எங்க அண்ணன் என்ன சொன்னாரு? நட்டுக்கிட்டிருக்கிற வரைக்கும்னாரு. இவன் நிறுத்திட்டான். நான் என்ன செய்ய?"

"நிறுத்தலங்க. அரசாங்கம் நிறுத்தச் சொல்லிச்சு."

"அரசாங்கம் என்கிட்ட வந்து சொல்லலியே. சரி, போகட்டும். மேல காடு இருக்கு. அவன் நம்ம ஆளுதான். மேல வெட்டிக்கட்டும், நான் தரேன்."

தாராளமாகக் கொடுத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. ஊரும் அப்படித்தான் பேசிக்கொண்டது. மருமகனுக்குக் காட்டையே கொடுத்துவிட்டார் தலைவர்!

மெரியோனியிடமும் கேட்டேன். "மாமா, எங்க திட்டம் மண்ணோட நிக்குது. நிலம் யாருக்குன்னு நாங்க வாயத் திறக்க முடியாது. குலம்தான் சொல்லணும்." பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்து, "கன்னு வந்திருச்சு. நிலத்தோட பேருக்குத்தான் வந்திருக்கு. யார் நடுறாங்களோ அவங்களுக்குத்தான் கொடுக்கணும்" என்றாள்.

கன்றுகளை ரோப்பாதே நட்டான். மருந்தடித்துக் கெடுத்தும்கூட மண்ணில் அவரையின் வேலை மிச்சமிருந்தது. முதல் அறுவடையில் கிழங்குகள் பழையபடி குழந்தை தலை அளவு. அலுவலகத்துக்காரர்கள் வந்து ரோப்பாதேயை நிறுத்திப் படம் பிடித்தார்கள். சாலையோரத்தில், சேம்பு வரிசை நின்ற இடத்தில், மீட்கப்பட்ட நிலம் என்று ஒரு பலகை நட்டார்கள். அந்த மூட்டைகளையும் என் லாரிதான் ஏற்றியது. தொழில் தொழில்தான், நான் ஏற்றாவிட்டால் வேறொருவன் ஏற்றுவான்.

கமினியேலி மேலே போனான். செங்குத்தான காடு. குதிரைகூட மூச்சு வாங்கும். மண்ணைக் காப்பாற்றும் திட்டத்துக்கு ஊரிலேயே முதல் ஆளாகக் கை தூக்கியவன், மலை உச்சியில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பாதி வழியில் அவனைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன்.

"மச்சான், எதுக்குடா இந்த வேலை? என்கிட்ட லாரிக்கு வா. மூட்டை ஏத்து."

"உன் லாரியில ஏத்துனா ரோப்பாதே மூட்டையைத்தானே ஏத்தணும்?" என்றான். சிரிக்கவில்லை. கமினியேலி சிரிக்காமல் பேசி நான் கேட்டது அப்போதுதான். "மேல மழை பெஞ்சா மண்ணெல்லாம் ஓடையில கலங்கி இறங்குது மச்சான். எனக்கே பாக்கச் சகிக்கல. என்ன பண்ண? பசங்க திங்கணும்."

மழை விட்ட ஒரு காலையில் பெரிய மரம் ஒன்று அவன் நினைத்த பக்கம் சாயாமல் பின்னால் திரும்பியது. தனியாக வெட்டிக்கொண்டிருந்தான். ஆள் தேடிப் போனபோது உயிர் இருந்தது. பாதை முடிகிற இடம் வரை கம்பில் கட்டித் தூக்கிவந்தார்கள். தூக்கியவர்களில் ரோப்பாதேயும் இருந்தான். அழுதுகொண்டே தூக்கினான், அதையும் சொல்ல வேண்டும். லாரியின் பின்தட்டில் கிடத்தினோம். வையெவோ ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிய ஓட்டத்தை இந்தத் தீவில் எந்த டிரைவரும் ஓட்டியிருக்க மாட்டான். ஆனாலும் போய்ச் சேர்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

மோவாலாவிலிருந்து அவன் அண்ணன் இசிகேலி கப்பலில் வந்தார். அவரும் அதே தோள், அதே கை. கொட்டகைக்கு உள்ளே, தலைவர்கள் உட்காரும் மேல்பக்கம் உட்காரவைத்தார்கள். தம்பிக்குக் கிடைக்காத இடம்.

அடக்கம் முடிந்த மறுநாள் எமோரி குலத்து ஆட்களோடு தலை குனிந்து முழங்காலில் நகர்ந்து வந்தார். கையில் பெரிய திமிங்கலப் பல். வருஷக்கணக்கில் எண்ணெய் தடவிச் சிவந்துபோன பழைய பல். "எங்களால் நேர்ந்தது எதுவோ, அதை இந்த மண்ணோடு புதைத்துவிடுங்கள்" என்று நீட்டினார். நிலம் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

இசிகேலி பல்லைப் பார்த்தார். மன்னிப்புக்கு நீட்டிய பல்லை மறுப்பது இரண்டு தீவுக்கும் தீராப் பகை. மறுத்துவிட்டு வசீதியையும் பிள்ளைகளையும் அதே ஊரில் எப்படி விட்டுப்போவார்? கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார். ஏற்றுக்கொண்டாயிற்று என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

பல் கைமாறினால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் காரியத்தைப் பற்றி இரண்டு பக்கத்திலும் யாரும் பேசக் கூடாது. செத்தவனுடைய பெண்டாட்டியும் கூடாது. பெண்கள் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்புக்கீரையும் கிழங்கும் கொண்டுவந்து வைத்தார்கள். கிழங்கு எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வசீதி எமோரிக்கும் அவர் ஆட்களுக்கும் குனிந்து குனிந்து பரிமாறினாள்.

பின்வரிசையில் மெரியோனி பாய் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது, "மாமா, அடுத்த ஊருக்குப் போகும்போது முதல்ல தலைவர்கிட்டப் பல் வெச்சுக் கேக்கணும்னு மேல சொல்லியிருக்கேன். சிரிக்கிறாங்க. அதுக்குத் திட்டத்துல எடமில்லையாம்" என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்தவன் விட்டுவிட்டேன்.

இப்போது வத்துலோவாவில் கமினியேலி பேச்சை எடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அவன் பிள்ளைகள்கூட அப்பா மரம் விழுந்து செத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மரம் ஏன் வெட்டப் போனார் என்று சொல்வதில்லை. அவர்கள் கட்டுப்பட்டவர்கள். நான் எந்தக் குலத்துக்காரனும் இல்லை. எனக்கு யாரும் பல் நீட்டவில்லை, நானும் வாங்கவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.